பேரரசு விளையாட்டும் புழற்கோட்டத்து வரலாறும்

வரலாறு, ஏட்டின் வழியும் ஆசிரியர் வாய்மொழியின் வழியும் மட்டுமே மாணவரைச் சென்று சேர்ந்த காலம் கழிந்தது. இந்நாளில் முதுகலை வகுப்பிற்கு வரும் இளைஞர் பலர், சோழர் கல்வெட்டு ஒன்றையேனும் எழுத்துக்கூட்டிப் படிக்கு முன்னரே, கணிப்பொறித் திரையில் பேரரசு ஒன்றை எழுப்பவும் இழக்கவும் பழகியுள்ளனர். அரசு என்பது யாது, நாடு என்பது யாது, எல்லை என்பது யாது என்னும் வினாக்களுக்கு அன்னோர் உள்ளத்தில் விடைகள் முன்னரே அமைந்துவிடுகின்றன. அவ்விடைகளைத் தந்தவை நூல்கள் அல்ல, விளையாட்டுகள். ஆதலின் அவ்விளையாட்டுகளைப் பற்றியும், அவற்றை ஆடுவோர் கூறும் கருத்துகளைப் பற்றியும் ஆராய்தல் தமிழ் வரலாற்றுத் துறைக்குப் புறம்பானதன்று. சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என இன்று வழங்கும் நிலப்பகுதியின் பழைய வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு அவற்றை ஈண்டு உரைத்துப் பார்ப்போம்.

இவ்வகை விளையாட்டுகளுள் நுட்பத்தாலும் பரப்பாலும் முதன்மையானதாகப் பலரும் கொள்வது, சுவீடன் நாட்டுப் பாரடாக்ஸ் நிறுவனத்தார் 2013 ஆகஸ்டுத் திங்களில் வெளியிட்ட 'யூரோப்பா யூனிவர்சாலிஸ்' என்னும் தொடரின் நான்காம் விளையாட்டாகும். இத்தொடரின் மூலம், பிரெஞ்சுக்காரராகிய பிலிப் திபோ என்பார் 1993-இல் அமைத்த பலகை விளையாட்டு. அது 2000-இல் கணிப்பொறிக்கு ஏறியது. நான்காம் விளையாட்டின் காலம் 1444 நவம்பர் 11-இல் தொடங்குகிறது. 1821-இன் தொடக்கத்தில் முடிகிறது. தொடக்க நாள் வார்னாப் போரில் துருக்கியர் வென்றதற்கு மறுநாளாகும். ஐரோப்பிய வரலாற்றுக்குப் பொருந்த அமைந்த நாள் அது. தமிழகத்துக்கு அந்நாளில் தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை. விசயநகரத்தில் இரண்டாம் தேவராயன் ஆட்சியின் இறுதி ஆண்டுகள் அவை என்பது மட்டுமே கூறத்தக்கது. அயலார் வகுத்த நாளில் நம் நாட்டின் கதை தொடங்குவதை ஆடுவோர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் வரலாறு பயில்வோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

உலகப் படம் எண்ணிறந்த மாவட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வரி, விளைவு, படையாள் ஆகியவற்றைக் குறிக்கும் எண்கள் உண்டு. ஒவ்வொரு மன்னனுக்கும் ஆட்சித் திறன், தூதுத் திறன், போர்த் திறன் என மூவகைத் திறன்கள் எண்ணால் அளவிடப்பட்டிருக்கும். அத்திறனுக்கு ஏற்பத் திங்கள்தோறும் புள்ளிகள் சேரும். போரிற் கைப்பற்றிய மாவட்டத்தைத் தன் உரிமை நிலமாக்கிக் கொள்ளப் புள்ளிகளைச் செலவிடல் வேண்டும். அதற்குப் பொதுவாக மூன்றாண்டு செல்லும். நிலத்தின் வளத்தைப் பெருக்கவும் புள்ளிகளே வேண்டும். ஓர் அரசுக்கு உரிய மாவட்டங்கள் யாவும் ஒரே நிறத்தில் தோன்றும்.

இவ்விளையாட்டை ஆடுவோர் கருத்துகள் பலவாயினும், திரும்பத் திரும்பக் கேட்கப்படுவன சிலவே. புகழுரையுள் முதன்மையானது, பாட நூல்களிற் காணாத சிற்றரசுகளின் பெயரையும் இருப்பிடத்தையும் இவ்விளையாட்டு மனத்திற் பதியவைக்கிறது என்பது. இஃது உண்மையே. பாமினி அரசும் கசபதியர் அரசும் எங்கெங்கு இருந்தன என்பதனைத் தேர்வுக்குப் படித்தவனினும் இதனை ஆடியவன் விரைந்து சுட்டுவான். கற்பதற்கு அரிது என்பதும், அடுத்தடுத்து வெளியிடும் பிற்சேர்க்கைகளுக்குத் தனித்தனியே விலை கொடுத்தல் வேண்டியுள்ளது என்பதும் குறைகளாகச் சொல்லப்படுகின்றன. இவை வணிகம் பற்றியன, நமக்கு வேண்டா. நம் கருத்தை ஈர்ப்பன வேறு இரண்டு குறைகள். மன்னன் திறனாற் சேரும் புள்ளிகளை ஆடுவோர் 'மானா' என்று இகழ்ந்து கூறுவர். மாய வித்தைக் கதைகளில் மந்திரவாதியிடம் சேர்ந்துள்ள ஆற்றலுக்கு வழங்கும் பெயர் அது. அரண்மனையில் இருக்கும் ஒருவன் கை அசைத்த அளவில் தொலைவில் உள்ள நிலம் வளம் பெறுதல் வரலாறாகாது, மந்திரமே ஆகும் என்பது அவர்கள் வாதம். மற்றொரு குறை, விளையாட்டு முழுதும் படத்திற்கு வண்ணம் பூசுவதாகவே முடிகிறது என்பது. வென்ற நிலமெல்லாம் வென்றவன் நிறம் பெறுகிறது. தலைநகரை அடுத்த ஊரும் எல்லைப்புறத்து ஊரும் ஒரே அளவில் அவனுக்கு அடங்கியவைபோல் தோன்றுகின்றன. பின்னர்ச் சேர்த்த விதிகளால் மாவட்டங்களுக்கு ஓரளவு தன்னாட்சி கற்பிக்கப்பட்டதேனும் நிறம் மாறவில்லை.

2025 நவம்பரில் இத்தொடரின் ஐந்தாம் விளையாட்டு வெளிவந்தது. அதன் காலம் 1337-இல் தொடங்குகிறது. மன்னர் புள்ளிகள் அதில் நீக்கப்பட்டன. மாவட்டத்தின் எண்ணுக்கு மாறாக மக்கட்டொகையே அடிப்படையாயிற்று. அரசின் பிடி தலைநகரிலிருந்து தொலைவு கூடுந்தோறும் தளர்வதாகவும், பிடி தளர்ந்த நிலத்திலிருந்து வரும் வருவாய் சுருங்குவதாகவும் விதி அமைந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாக ஆடுவோர் கூறிவந்த குறைக்கு இயற்றியோர் தந்த விடை என இதனைக் கொள்ளலாம். இப்போது வேறொரு சாரார், பேரரசு கட்டுவது மிக மெதுவாகவும் சுமையாகவும் ஆயிற்று என்று குறை கூறுகின்றனர். வரலாற்றுக்கு நெருங்க நெருங்க விளையாட்டின் இன்பம் குறைதல் இயல்பே.

ஆடுவோர் தம்முள் நிகழ்த்தும் இவ்வழக்கு, தென்னிந்திய வரலாற்றறிஞர் தம்முள் ஐம்பது ஆண்டுகட்கு மேலாக நிகழ்த்திவரும் வழக்கை ஒத்துள்ளது. இதனை எடுத்துக்காட்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும். பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் 1935-லும் 1937-லும் வெளியிட்ட சோழர் வரலாற்றில், வலிமை மிக்க மன்னனையும் ஒழுங்குற அமைந்த அதிகாரிகள் கூட்டத்தையும் கொண்ட பேரரசு ஒன்றைக் காட்டினார். ஊர்ச்சபைகளின் தன்னுரிமையை அவர் மறந்தாரல்லர். எனினும் அவர் நூலைப் படித்து முடிப்பார் கண்முன் நிற்பது தஞ்சையிலிருந்து ஒரே நிறம் பரவிய படமே. சதாசிவப் பண்டாரத்தார் பிற்காலச் சோழர் சரித்திரமும் மன்னர் வரிசையின்மேல் எழுந்த கட்டடமே ஆகும். பின்னர்ப் பர்ட்டன் ஸ்டைன் என்னும் அமெரிக்க அறிஞர் 1980-இல் தம் நூலை வெளியிட்டு இப்படத்தைக் கலைத்தார். ஆப்பிரிக்காவில் உகாண்டாப் பகுதியின் ஆலூர் மக்களைப் பற்றி எய்டன் சவுதால் 1956-இல் எழுதியதிலிருந்து 'கூற்று அரசு' என்னும் கருத்தைக் கடன்கொண்டு, சோழ நாட்டின் உண்மையான ஆட்சி நாடுகளிலேயே இருந்தது என்றும், மன்னனுக்கு நடுவிடத்தில் மட்டுமே நேர் அதிகாரம் இருந்தது என்றும், மற்ற இடங்களில் அவன் பெற்றது சடங்கு முறைத் தலைமையே என்றும் அவர் கூறினார். தலைநகரினின்று விலகுந்தோறும் பிடி தளரும் என்னும் ஐந்தாம் விளையாட்டின் விதி இக்கொள்கையின் நிழல்போல் உள்ளது.

ஸ்டைன் கூற்றை நம் நாட்டு அறிஞரும் சப்பானிய அறிஞரும் அப்படியே ஏற்றிலர். பேராசிரியர் எ. சுப்பராயலு, நொபுரு கராசிமா ஆகியோர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையும் வரிப்பெயர்களையும் பல்லாயிரக் கணக்கில் தொகுத்து எண்ணினர். முதலாம் இராசராசன் காலத்தில் 1001-ஐ ஒட்டித் தொடங்கிய நில அளவையும், முதற் குலோத்துங்கன் காலத்தில் 1086-இல் நிகழ்ந்த அளவையும், புரவுவரித் திணைக்களம் என்னும் வருவாய்த் துறையின் அதிகாரிகள் கையொப்பமும் வெறுஞ் சடங்குத் தலைமைக்கு ஒவ்வா என்று அவர்கள் காட்டினர். சடங்குத் தலைவன் ஒருவன் நிலத்தை நுண்ணிய பின்னம் வரை அளக்க வேண்டியது என்னை? அதே நேரத்தில், எல்லாக் காலத்திலும் எல்லா மண்டலத்திலும் பிடி ஒரே அளவில் இருந்ததாகவும் அவர்கள் கூறவில்லை. பதினொன்றாம் நூற்றாண்டில் இறுகிய பிடி பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நழுவியது என்பதே அவர்கள் காட்டும் படம். எனக்கும் இதுவே ஏற்புடைத்தாகத் தோன்றுகிறது. தொலைவு மட்டுமன்று, காலமும் பிடியை மாற்றும். ஆடுவோர் கேட்கத் தவறிய வினா இது.

இனி இவ்விரு வழக்குகளையும் நிலத்தின்மேல் இறக்கிப் பார்ப்போம். இன்று அம்பத்தூர் என்றால் 1964-இல் எழுந்த தொழிற்பேட்டையும், ஆவடி என்றால் 1965 முதல் 'விசயந்தா' கவச ஊர்திகளைச் செய்து தந்த தொழிற்சாலையும் நினைவுக்கு வரும். கல்வெட்டுக் காலத்தில் இந்நிலம் தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களுள் புழற்கோட்டத்தையும் புலியூர்க் கோட்டத்தையும் சேர்ந்தது. அம்பத்தூர் என்பது ஓர் ஊரின் பெயர் மட்டுமன்று; புழற்கோட்டத்து அம்பத்தூர் நாடு என ஒரு நாட்டின் பெயராகவும் வழங்கிற்று. பூந்தமல்லியை அடுத்த மாங்காடும் அவ்வாறே புலியூர்க் கோட்டத்து மாங்காடு நாட்டுக்குத் தலையூர். ஆக, நான்காம் விளையாட்டில் மாவட்டம் ஒன்றன் மூலையில் அடங்கிவிடும் இச்சிறு நிலத்துள், தனித்தனிப் பெயரும் தனித்தனி நாட்டாரும் உடைய பல நாடுகள் இருந்தன. கோட்டப் பிரிவு சோழர் வகுத்ததன்று. அவர்கட்கு முன்னரே இருந்தது. இராசராசன் தொண்டை மண்டலத்தைச் சயங்கொண்ட சோழ மண்டலம் என்றாக்கினான். புலியூர்க் கோட்டம் குலோத்துங்க சோழ வளநாடு என மறுபெயர் பெற்றது. ஆயினும் கல்வெட்டு எழுதியோர் புதுப்பெயரை எழுதிய பின்னரும் பழம்பெயரை விட்டிலர். 'ஆன' என்னும் ஒரு சொல்லால் இரண்டனையும் பிணைத்து எழுதினர். பேரரசு தன் நிறத்தைப் பூசியது என்பதும், பூச்சின் அடியில் பழைய நிறம் தெரிந்துகொண்டே இருந்தது என்பதும் அவ்வொரு சொல்லால் விளங்கும். விளையாட்டின் படத்தில் இவ்வாறு இருநிறம் ஒருங்கே தோன்ற இடமில்லை.

பழைய நிறத்துக்கும் அடியில் மற்றொன்று உண்டு. புழலிற் கோட்டை கட்டி ஆண்ட குறும்பரை ஆதொண்டைச் சக்கரவர்த்தி வென்ற கதை இப்பகுதியிற் பரவலாக வழங்குவது. திருமுல்லைவாயில் மாசிலாமணி ஈசுவரர் கோயிலில் உள்ள எருக்கந்தூண்கள் இரண்டும் குறும்பர் கோட்டையிலிருந்து கொணரப்பட்டவை என்பர். காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளிலும் குறும்பர் பற்றிய வாய்மொழிகள் இடம்பெற்றன. இதனை நிகழ்ந்த வரலாறாகக் கொள்வதற்குக் கல்வெட்டுச் சான்று போதாது. ஆயினும், வேளாண் குடிகள் வருவதற்கு முன்னர் இந்நிலத்தில் வேறு குடிகள் ஆட்சி செய்தன என்னும் நினைவு அழியாமல் நின்றதனை இக்கதை காட்டும். வென்றவர் தோற்றவரின் கோட்டைத் தூணைக் கோயிலில் நட்டுப் போற்றினர் என்பது எத்துணைச் சுவையான செய்தி! மூன்றாண்டிற் புள்ளி கொடுத்து உரிமையாக்கும் விதிக்குள் இஃது அடங்குமா?

நிலவளம் பற்றிய விதியும் இங்கே பொருந்தாது. மேற்குச் சென்னைப் பகுதியில் வற்றாத ஆறு இல்லை. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு, புழல், பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் என ஏரிகளே இந்நிலத்தின் உயிர். ஏரி ஒருமுறை வெட்டினால் நின்றுவிடுவதன்று. ஆண்டுதோறும் வண்டல் எடுத்தல் வேண்டும். கரை உயர்த்தல் வேண்டும். மதகு பழுது பார்த்தல் வேண்டும். இவற்றைச் செய்தது அரண்மனை அன்று, ஊர். காளியூர்க் கோட்டத்து உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைத் தனி வாரியமாகக் குறிப்பதனை யாவரும் அறிவர். புள்ளியைச் செலவிட்டால் வளம் கூடும், கூடிய வளம் குறையாது நிற்கும் என்னும் விதியை 'மானா' என்று இகழ்ந்த ஆடுவோர், உத்தரமேரூர்க் கல்வெட்டைப் படித்திராவிடினும், அதன் கருத்தை உணர்ந்தவரே ஆவர்.

சோழர் வலி குன்றியபின் இந்நிலத்தை ஆண்டவர் யாவர் எனின், விடை எளிதன்று. மூன்றாம் குலோத்துங்கன் பட்டம் ஏறிய 1178 முதற்கொண்டு தொண்டை மண்டலத்துக் கல்வெட்டுகள் பலவற்றில் தலைப்பில் சோழ மன்னன் ஆட்சியாண்டு இருக்கும். உள்ளே கொடையும் ஆணையும் சம்புவராயனுடையனவாக இருக்கும். வண்ணம் பூசுவோன் இதற்கு எந்நிறம் இடுவான்? ஐந்தாம் விளையாட்டுத் தொடங்கும் 1337-இல், மதுரையில் சுல்தான்கள் ஆட்சி ஏற்பட்டு இரண்டாண்டே ஆகியிருந்தது. போசள மூன்றாம் வல்லாளன் அவர்களோடு பொருதுகொண்டிருந்தான். தொண்டை மண்டலத்தில் படைவீட்டை இடமாகக் கொண்டு சம்புவராயர் தனியரசு நடத்தினர். பின்னர்க் குமார கம்பணன் அவர்களை வென்றமையைக் கங்காதேவியின் மதுரா விசயம் கூறும். இவ்வளவு குழப்பமான ஆண்டைத் தொடக்கமாகத் தேர்ந்தது, நம்மைப் பொறுத்தவரை, 1444-இனும் நன்றே ஆயிற்று.

இனி நான்காம் விளையாட்டின் காலத்துக்குள்ளேயே நிகழ்ந்து, உலக வரலாற்றைத் திருப்பிய செய்தி ஒன்று பூந்தமல்லியிற் கிடக்கிறது. 2018 செப்டம்பரில் வெளியான 'தர்மா' என்னும் பிற்சேர்க்கை இந்தியாவைப் பற்றியது. அதில், ஐரோப்பிய அரசுகள் கீழைநாட்டு அரசரிடம் பொருள் கொடுத்து நிலம் வாங்கி வணிகக் கும்பினிக்குக் கால்கோள் செய்யும் வழி சேர்க்கப்பட்டது. இதுபற்றி ஆடுவோர் இருவேறு கருத்தினர். போரின்றி நிலம் பெறுதல் விளையாட்டின் சமநிலையைக் கெடுக்கிறது என்பார் ஒரு சாரார். கும்பினியார் உண்மையில் அவ்வாறே காலூன்றினர் என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கைத் தீர்க்கச் சென்னையின் தோற்றத்தை நோக்குதல் தகும்.

1639 ஆகஸ்டு 22 என்னும் நாளிட்ட கவுல் ஒன்றனால் ஆங்கிலக் கும்பினியின் பிரான்சிஸ் டே கோட்டை கட்டும் உரிமையைப் பெற்றார். அளித்தவன் விசயநகரப் பேரரசன் அல்லன். அவனுக்கு அடங்கிய தாமர்ல வேங்கடப்ப நாயக்கன். அவன் வந்தவாசியில் இருந்தான். கடற்கரைப் பகுதியைப் பார்த்துவந்த அவன் தம்பி ஐயப்ப நாயக்கன் இருந்த இடம் பூந்தமல்லி. டேயை அழைத்ததும் பேச்சு நடத்தியதும் இவ்வையப்பன் வழியே ஆகும். கொடுத்ததும் முழு மாவட்டம் அன்று. கடலோரத்து மணல் துண்டு ஒன்று. சுங்கத்தையும் வருவாயையும் முதல் இரண்டாண்டு கும்பினியார் முழுதும் கொள்ளலாம். பின்னர் நாயக்கனோடு பாதிப் பாதியாகப் பங்கிடல் வேண்டும். ஆதலின் இதனை விற்பனை என்றல் பொருந்தாது; கூட்டு வணிகம் என்றலே பொருந்தும். நாயக்கனுக்குக் குதிரையும் வணிக வருவாயும் வேண்டியிருந்தன. டேக்குத் துணி மலிவாகக் கிடைக்கும் இடம் வேண்டியிருந்தது. பேரரசனாகிய மூன்றாம் சீரங்கராயன் இதனை உறுதிப்படுத்தியது ஆறாண்டு கழித்து, 1645-இல். அதற்கடுத்த ஓரிரண்டு ஆண்டிற் கோல்கொண்டாப் படை வந்து அவன் அதிகாரத்தையே இப்பகுதியில் துடைத்தது.

ஆட்சி மாறியது, பூந்தமல்லியின் இடம் மாறவில்லை. கோல்கொண்டாவின் அதிகாரிகள் இங்கிருந்தே கோட்டையாரைக் கண்காணித்தனர். 1672-இல் நெக்நாம் கான் அளித்த கவுலின்படி கும்பினியார் ஆண்டுக்கு 1,200 வராகன் கட்டுவதாக ஒப்பினர். 1680-ஐ ஒட்டிப் பூந்தமல்லி அதிகாரியாகிய லிங்கப்பன், கோட்டைக்குள் பண்டங்கள் செல்லாவாறு வழிமறித்து ஆங்கிலேயரைத் திணறச் செய்தான். பீரங்கி இருந்தும் அரிசி இன்றிக் கோட்டை நில்லாது. கடலை ஆண்டவரை நிலத்தின் நெல் அடக்கி வைத்திருந்த காலம் அது.

1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை. 1708-இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம் முதலிய ஐந்து ஊர். 1742-இல் மேலும் சில. இவ்வாறு ஊர் ஊராகவே கும்பினியின் எல்லை நகர்ந்தது. நூற்றிருபத்துநான்கு ஆண்டு கழித்து, 1763-இல்தான், ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி பூந்தமல்லியை உள்ளிட்ட செங்கற்பட்டுப் பகுதியைச் சாகீராகக் கொடுத்தான். 1765-இல் முகலாயப் பேரரசர் அதனை உறுதி செய்தார். அப்போதும் நிறம் மாறிவிட்டது என்று சொல்லிவிட இயலாது. கும்பினியார் அச்சாகீரை நவாபுக்கே குத்தகைக்கு விட்டனர். 1780-இல் ஐதரலி படையெடுத்து வரும்வரை நவாபின் ஆட்களே வரி தண்டினர். பெயரளவில் முகலாயர் நிலம். கொடையால் கும்பினி நிலம். குத்தகையால் நவாபு நிலம். உழுது பயன்கொண்ட வகையால் காணியாட்சிக்காரர் நிலம். நான்கு உரிமையும் ஒரே ஊரின்மேல் ஒரே ஆண்டில் நின்றன. ஆக, 'தர்மா' பற்றி இரு சாராரும் கூறுவன பாதி உண்மையே. போரின்றிக் காலூன்றியமை மெய். ஆனால் வாங்கிய அளவில் நிலம் தமதானது என்பது பொய்.

அக்குத்தகைக் காலத்திலேயே, 1767 முதல் 1774 வரை, தாமசு பார்னார்டு என்னும் பொறியாளர் சாகீரை ஊர் ஊராக அளந்தார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களின் கணக்கு அதில் அடங்கும். அதற்கு அடிப்படையான தமிழ்ச் சுவடிகளிற் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. ஊர்தோறும் நன்செய் இவ்வளவு, புன்செய் இவ்வளவு, ஏரி இவ்வளவு, வீடு இவ்வளவு என்பதோடு, விளைந்த நெல்லில் கோயிலுக்கும், கணக்கனுக்கும், தலையாரிக்கும், ஏரி காப்போனுக்கும், தச்சனுக்கும், குயவனுக்கும், வண்ணானுக்கும், நாவிதனுக்கும் களத்திலேயே அளந்து கொடுத்த பங்கும் அதிற் காணலாம். அரசுக்குரிய பங்கு இவையெல்லாம் கழித்த பின்னரே வகுக்கப்பட்டது. மாவட்டத்தின் வரி எண் என்று விளையாட்டுக் காட்டுவது, பார்னார்டு கணக்கில் ஒரு நெடுநிரலின் கடைசி வரியாகவே நிற்கும். விளையாட்டு முதலிற் காண்பதைக் கணக்கன் கடைசியில் எழுதினான்.

பிற விளையாட்டுகளைப் பற்றியும் சில சொல்லுதல் வேண்டும். 'குருசேடர் கிங்ஸ்' என்னும் தொடர் நிலத்தை விடக் குடும்பத்தையே பெரிதாகக் கொள்வது. அதன் மூன்றாம் விளையாட்டு 1066-இல் தொடங்கும்போது வீரராசேந்திரன் அரியணையில் இருக்கிறான். நான்காண்டு கழித்து, இராசேந்திரன் மகள் அம்மங்கை வயிற்றிற் பிறந்த கீழைச் சாளுக்கியன் சோழ அரியணை ஏறியமை அவ்விளையாட்டுக்கே எழுதிவைத்த கதைபோல் உள்ளது. ஆயினும், சோழர்க்கு ஐரோப்பிய நிலமானிய முறையைப் போர்த்தியது ஆடுவோர் பலர்க்கு மனநிறைவு தரவில்லை. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் விளையாட்டுக்கு 2022 ஏப்ரலில் வந்த பிற்சேர்க்கை, அதுகாறும் 'இந்தியர்' என ஒன்றாக நின்றவரைப் பிரித்துத் 'திராவிடர்' என்னும் பிரிவைத் தந்தது. இராசேந்திரன் படையெடுப்பையும் கதையாக்கியது. தமிழ் ஆடுவோர் இதனை மகிழ்ந்து வரவேற்றமை இயல்பே. அதில் வரும் போர்க்கலத்துக்குத் 'திரிசடை' என்று பெயர். கம்பன் காப்பியம் பயின்றோர்க்குத் திரிசடை வீடணன் மகள். அசோக வனத்திற் சீதைக்குத் துணை நின்றவள். சோழர் கடற்படையில் அப்பெயருடைய கலம் இருந்ததாகச் சொல்வோர் கல்வெட்டு எண் காட்டக் காணோம். உறுமி என்னும் சுருள்வாளும் சேர நாட்டுக் களரிக்கே சிறப்பாக உரியது. மாறாக, 2025 பிப்ரவரியில் வந்த 'சிவிலைசேஷன்' ஏழாம் விளையாட்டில் சோழர்க்குக் கொடுத்துள்ள பெயர்கள் மெச்சத்தக்கன. மரக்கலத்தைக் 'கலம்' என்றே வழங்கினர். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களின் பெயரையே கட்டடங்களுக்கு இட்டனர். குழுவைக் கட்டடமாக்கியது பிழையெனினும், இப்பெயர்களை அயல்நாட்டு இளைஞரும் அறிய நேர்ந்தமை நன்று. அவ்விளையாட்டை வாங்கியோர் அதனைக் கலவையாகவே மதிப்பிட்டனர். காலந்தோறும் நாகரிகத்தை மாற்றிக்கொள்ளும் விதி அவர்களுட் பலர்க்குப் பிடிக்கவில்லை. புழற்கோட்டத்து வரலாற்றை அறிந்தோர்க்கு அவ்விதி அத்துணை வியப்பாகத் தோன்றாது.

சாகீரின் கதையை முடித்தல் வேண்டும். ஐதர் படை வந்துபோனபின் ஊர்கள் பாழ்பட்டுக் கிடந்தன. 1794 முதல் 1798 வரை சாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேசு ஏரிகளைச் செப்பனிடுவதிலும் மிராசு உரிமையின் இயல்பை ஆராய்வதிலும் முனைந்தார். 1802-இல் நிலையான வரித்திட்டம் இங்கு நடைமுறைக்கு வந்து, சில ஆண்டுகளிற் குலைந்தது. கும்பினி அரசு இந்நிலத்துக்கு உடையவர் யாவர் என்று வினவிப் பதினேழு வினாக்களை எழுப்பியது. திருக்குறளுக்கு உரை எழுதியவரும் சென்னைக் கலெக்டருமாகிய எல்லீசு துரை, இருபத்துநான்கு கோட்டங்களையும் அவற்றின் நாடுகளையும் எடுத்துக்கூறி, காணியாட்சியின் மூலத்தை ஆராய்ந்து அவற்றுக்கு விடை எழுதினார். அவ்விடை அச்சேறியது 1818-இல். சாகீர் கும்பினி கைக்கு வந்து அப்போது ஐம்பத்தைந்து ஆண்டு ஆகியிருந்தது.